திருத்தியது யார்? தணிக்கைப் பதிவை எங்கே எழுதுவது

பில் எண் 1187. 412 கிலோ வெளிர் நீலத் துணி, கிலோவுக்கு 98 ரூபாய். பார்ட்டியின் கையில் இருந்த தாளில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. திருப்பூரில் பல்லடம் சாலைப் பக்கம் இருக்கும் அந்தச் சாயப்பட்டறையின் கணினியோ அதே பில்லை 96 ரூபாய் என்று காட்டியது. வித்தியாசம் 824 ரூபாய். டன் கணக்கில் துணி உள்ளே வந்து வெளியே போகும் இடத்தில் இது டீச்செலவு. ஆனால் அடித்துக் கொடுத்த பில்லில் யாரோ பிறகு கை வைத்திருக்கிறார்கள் என்றால் அங்கே தொகை ஒரு பொருட்டில்லை. முதலாளி கோவையில் இருந்த என்னைப் போனில் பிடித்தார். "யாருங்க தம்பி மாற்றியது?"

அந்த மென்பொருளை எழுதியவன் நான். பில் டேபிளில் 'கடைசியாகத் திருத்திய நேரம்', 'கடைசியாகத் திருத்தியவர்' என்று இரண்டு புலங்கள் வைத்திருந்தேன். தணிக்கைக்கு, அதாவது யார் எப்போது எதை மாற்றினார் என்று பிறகு பார்ப்பதற்கு, இது போதும் என்பது அப்போதைய நினைப்பு. எடுத்துப் பார்த்தேன். நேரம் 14:12, பெயர் 'ஆபீஸ்'. "மதியம் இரண்டே கால் வாக்கில், ஆபீஸ் கணினியில் இருந்துங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் எல்லோரும் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஒருவர்தான்: 17 வருடமாக அங்கே கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை.

முதலாளி அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் கணக்குப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் நான் நேரில் போனபோது, "நோட்டாக இருந்திருந்தால் அடித்த கோடு தெரியும்ங்க. இதில் என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும் பஸ் அவிநாசியைத் தாண்டும்போது எனக்கு உறைத்தது. சர்வரின் கடிகாரம் யுடிசியில், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. 14:12 என்றால் நம் நேரம் மாலை 7:42. அந்த மாலை, அந்த நேரத்தில், வெளிர் நிறங்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் குறைக்கும் விலைத் திருத்த நிரலை வீட்டிலிருந்து ஓட்டியவன் நான். இனிமேல் போடும் பில்களை மட்டும் மாற்ற வேண்டிய நிரல் அது. 'இன்னும் பில் போடாதவை' என்ற நிபந்தனையை எழுத மறந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அதே நேரத்தைக் கொடுத்துத் தேடினால் 37 பில்கள், எல்லாம் ஒரே நொடியில். மனிதக் கை அப்படி வேலை செய்யாது.

பெயர் எப்படி 'ஆபீஸ்' ஆயிற்று? நேரத்தைத் தரவுத்தளம் தானே நிரப்பிக்கொள்ளும். பெயரைச் செயலிதான் நிரப்ப வேண்டும். நான் செயலி வழியாகப் போகாமல் நேராகத் தரவுத்தளத்தில் நிரலை ஓட்டியதால் நேரம் புதிதாகியது, பெயர் பழையதே நின்றது. இரண்டு புலங்களும் சேர்ந்து நடக்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்லிவிட்டன. பதிவே இல்லாதிருந்தால் 'தெரியவில்லைங்க' என்றிருப்பேன். அரைகுறைப் பதிவு இருந்ததால் ஒரு மனிதரைக் கைகாட்டிவிட்டேன். திரும்பவும் போய் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். கணக்குப்பிள்ளை பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது வசவை விடக் கஷ்டமாக இருந்தது.

தணிக்கைப் பதிவை ஒழுங்காகச் சேர்ப்பது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தோம். எங்கே, எப்படி என்று அலசியதில் ஒன்று தெளிவாயிற்று. யார், எப்போது, எதை, முன்பு என்ன, பின்பு என்ன என்ற கேள்விகளை எல்லோரும் கேட்கிறார்கள். 'எந்த வாசல் வழியாக' என்று கேட்கிறவர்கள் குறைவு. எல்லா வழிமுறைகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன்.

சட்டம் கேட்பது

நிறுவனங்கள் (கணக்குகள்) விதிகள், 2014-இல் பிறகு சேர்த்த ஒரு நிபந்தனை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனி கணக்கு வைக்கும் மென்பொருள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தணிக்கைத் தடம் பதிய வேண்டும். கணக்கில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியுடன் திருத்தப் பதிவு உருவாக வேண்டும். அந்த வசதியை அணைக்க முடியக் கூடாது. ஆண்டு முழுவதும் அது இயங்கியதா, யாராவது அதில் கை வைத்தார்களா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு.

தனி உரிமையாளர், கூட்டாளிகள் என்று நடக்கும் பட்டறைகளை இந்த விதி தொடாது. 'பிரைவேட் லிமிடெட்' பலகை மாட்டிய அன்றைக்குத் தொடும். எங்கள் மென்பொருள் கணக்கு மென்பொருளா, வெறும் உற்பத்தி மென்பொருளா என்று வாதாடலாம்தான். பில் அதில் பிறக்கிறது என்றால் வாதாடிப் பயனில்லை என்பது என் எண்ணம்.

கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு வேறு வகை. கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. இது சர்வர் பதிவு. யார் உள்ளே வந்தார், எந்தக் கோரிக்கை தோற்றது என்பது போன்றவை. பில் விலை 98-இலிருந்து 96 ஆன கதை அதில் இருக்காது. இரண்டையும் ஒரே கோப்பில் கொட்டி, 180 நாளில் தானாக அழியும்படி வைத்து, கணக்குத் தடத்தையும் சேர்த்து அழித்துவிடும் வாய்ப்பு நிறைய உண்டு. பிரித்து வையுங்கள்.

சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பதிவின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகவில்லை என்று எண்ணில் காட்டித்தான் அவர்கள் தொழில் செய்கிறார்கள்.

செயலிக்குள் எழுதுவது

முதல் வழி, சேமிக்கும் ஒவ்வொரு இடத்திலும் கையால் ஒரு பதிவு எழுதுவது. இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு: காரணம் தெரியும். 'பில் ரத்து', 'விலை மறுபேச்சு', 'எடை திருத்தம்' என்று தொழிலின் மொழியிலேயே எழுதலாம். தரவுத்தளம் பார்ப்பது ஒரு எண் மாறியதை மட்டும். செயலிக்கு அது ஏன் மாறியது என்று தெரியும். பலவீனம், மறதி. புதிதாகச் சேர்ந்த பையன் புதிதாக எழுதும் திரையில் அந்த ஒரு வரியை விட்டுவிடுவான். ஆறு மாதம் கழித்து வழக்கு வரும்போதுதான் அது தெரியும்.

மறதிக்கு மருந்தாக வந்தவை ஓஆர்எம் கொக்கிகள். செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நின்று சேமிப்பதையும் படிப்பதையும் செய்து தரும் அடுக்குதான் ஓஆர்எம்; அது சேமிக்கும்போது தானாக ஓடும் துணுக்கு நிரல் கொக்கி. செயலி எழுத உதவும் சட்டகங்களில் ஜாங்கோவுக்குச் சிம்பிள் ஹிஸ்டரி, ரெயில்ஸுக்குப் பேப்பர் டிரெயில், ஜாவாவில் ஹைபர்நேட் என்வர்ஸ் என்று தயார் நிலையில் கிடைக்கின்றன. நிறுவி, எந்த மாடல்களைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். உள்ளே நுழைந்தவர் யார் என்பதையும் கோரிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ளும். எந்தக் குழுவும் முதலில் இதைத்தான் தொடும், நானும் தொட்டேன்.

ஆனால் இவை ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சேமிக்கும்போதுதான் விழித்திருக்கும். ஜாங்கோவில் குவெரிசெட்டின் (தேடி எடுத்த வரிகளின் தொகுப்பு) மேல் நேராக அப்டேட் அழைத்தால் சேமிப்புச் சிக்னல் எதுவும் கிளம்பாது. ரெயில்ஸின் அப்டேட் ஆல் கால்பேக்குகளைத் தாண்டிப் போய்விடும். லாரவெலில் வினவல் வழியாக மொத்தமாகத் திருத்தினால் மாடல் நிகழ்வுகள் எழாது. மூன்றிலும் இது பிழையல்ல. வேகத்துக்காகத் தெரிந்தே வைத்த ஏற்பாடு, ஆவணங்களிலேயே எழுதியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் பெரிய விபத்துகள் மொத்தத் திருத்தத்தில்தான் நடக்கின்றன. ஒரு பில்லை ஒருவர் தவறாக மாற்றினால் ஒரு பில் போகும். என் 37 பில்கள் போனது மொத்தத் திருத்தத்தில், அதுவும் ஓஆர்எம் வாசலுக்கு வெளியே. இந்தக் கொக்கிகள் அன்றைக்கு இருந்திருந்தாலும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இதற்காக ஓஆர்எம் வழியை ஒதுக்கிவிட மாட்டேன். ஈரோட்டில் மஞ்சள் கமிஷன் மண்டி ஒன்றுக்குச் சிறிய செயலி செய்து கொடுத்திருக்கிறேன். மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள்; விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, ஏலத்தில் குவிண்டால் என்ன விலை, அவ்வளவுதான். தரவுத்தளத்தில் நேராகக் கை வைக்க ஆளுமில்லை, அவசியமுமில்லை. அங்கே சிம்பிள் ஹிஸ்டரியைப் போட்டுவிட்டு வந்தேன். இன்றும் அதை மாற்ற நினைக்கவில்லை. பின்வாசலே இல்லாத வீட்டுக்கு முன்வாசல் பூட்டு போதும்.

தரவுத்தளத்துக்குள் எழுதுவது

டேபிளில் ஏதாவது மாறியதும் தரவுத்தளமே தானாக ஓட்டும் துணுக்கு நிரல் டிரிக்கர். அது என்றால் நம்மில் பலருக்கு ஒரு ஒவ்வாமை உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் ஓடும், சோதிக்கக் கடினம், யாரோ எழுதிவிட்டுப் போனது. பொதுவாக எனக்கும் அதே கருத்துதான். தொழில் விதிகளை டிரிக்கரில் எழுதாதீர்கள். ஆனால் தணிக்கைக்கு இந்தக் குணமே தகுதியாகிவிடுகிறது: யார் எந்த வாசலில் வந்தாலும், செயலியோ, நிரலோ, நள்ளிரவில் நேரடி இணைப்பில் நுழையும் நானோ, டேபிளில் ஒரு வரி மாறினால் டிரிக்கர் ஓடும்.

எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரஸில் இதற்கு ஒரே ஒரு பொதுச் செயல்கூறு போதும். மாறுவதற்கு முந்தைய வரியையும் பிந்தைய வரியையும் ஜேசன் என்ற உரை வடிவத்துக்கு மாற்றி, வேறுபட்ட புலங்களை மட்டும் தணிக்கை டேபிளில் போட வேண்டும். வேறுபாடே இல்லை என்றால் எதையும் எழுதாதே என்று ஒரு நிபந்தனை அவசியம். இல்லையென்றால், திரையில் 'சேமி' பொத்தானைச் சும்மா அழுத்துகிறவர்கள் குப்பையைச் சேர்த்துவிடுவார்கள். இந்தப் பதிவு அதே பரிவர்த்தனைக்குள், அதாவது தரவுத்தளம் ஒன்றாக ஏற்கும் அல்லது ஒன்றாகத் தள்ளும் கட்டளைத் தொகுப்புக்குள், எழுதப்படுவதால், மாற்றம் நிலைத்தால் பதிவும் நிலைக்கும், மாற்றம் திரும்பினால் பதிவும் திரும்பும். ஒன்று இருந்து மற்றது இல்லாத நிலை வராது. இதன் மறுபக்கம், தோற்றுப்போன முயற்சிகள் பதியாது. அனுமதியில்லாத ஒருவர் பில்லை அழிக்கப் பார்த்தார் என்பது வேண்டுமென்றால் அதைச் செயலிதான் எழுத வேண்டும்.

டிரிக்கருக்குத் தெரியாதது ஒன்று உண்டு: ஆள். செயலி ஒரே தரவுத்தளப் பயனராக நுழைகிறது. டிரிக்கர் பார்ப்பது அந்தப் பெயரை மட்டுமே. ஆகவே செயலி ஒவ்வொரு பரிவர்த்தனையின் தொடக்கத்திலும் 'இப்போது வேலை செய்பவர் எண் 14' என்று ஒரு அமர்வு மாறியில் சொல்ல வேண்டும், டிரிக்கர் அதைப் படித்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. சாதாரண செட் கட்டளையால் அந்த மாறியை வைத்தால் அது இணைப்பு மூடும்வரை நிற்கும். பிஜிபவுன்சர் போன்ற ஒன்று நடுவில் இருந்து இணைப்புகளைப் பகிர்ந்து கொடுத்தால், எண் 14 விட்டுப்போன இணைப்பில் எண் 9 உட்கார்ந்து வேலை செய்வார். பழி எண் 14-க்குப் போகும். கணக்குப்பிள்ளையின் கதை மறுபடியும். செட் லோக்கல் என்று வைத்தால் பரிவர்த்தனை முடிந்ததும் மாறி கலைந்துவிடும். இரண்டு கட்டளைக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லைச் சோதிக்க மட்டும் தனியாக ஒரு சோதனை எழுதி வைத்திருக்கிறேன்.

தணிக்கை டேபிளைச் செயலியின் பயனர் திருத்தவோ அழிக்கவோ முடியக் கூடாது. நேரடியாக எழுதவும் தேவையில்லை. டிரிக்கர் செயல்கூறு தன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும்படி அமைத்தால் போதும். அப்படி அமைக்கும்போது 'கரன்ட் யூசர்' என்று கேட்டால் செயல்கூறின் உரிமையாளர் பெயர்தான் வரும். 'செஷன் யூசர்' என்று கேட்டால்தான் உண்மையில் உள்ளே நுழைந்தவர் பெயர் கிடைக்கும். முதல் முறை எழுதியபோது எல்லா மாற்றத்தையும் ஒரே ஆள் செய்ததாகப் பதிவு காட்டியது. அரை நாள் போயிற்று.

டேபிளை ஒரேயடியாகக் காலி செய்யும் டிரங்கேட் கட்டளைக்கு வரி அளவிலான டிரிக்கர் ஓடாது. அதற்குத் தனி டிரிக்கர் வேண்டும், அல்லது அந்த உரிமையையே பறித்துவிட வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0-இல் தாய் வரி அழியும்போது அயல் சாவி (இரண்டு டேபிள்களை இணைக்கும் புலம்) வழியாகத் தொடர்ந்து அழியும் பிள்ளை வரிகளுக்கு டிரிக்கர் கிளம்பாது, போஸ்ட்கிரஸில் கிளம்பும். மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை முதலில் பாருங்கள்.

வேகம் குறையுமா என்றால், குறையும். ஒவ்வொரு எழுத்துக்கும் இன்னொரு எழுத்து சேர்கிறது. திரையில் உட்கார்ந்து பில் போடுகிறவருக்கு அது தெரியாது; லட்சக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் ஏற்றுகிறவருக்குத் தெரியும். இடம் பெரிய கவலையில்லை. ஒரு நாளைக்கு 40,000 மாற்றம், ஒன்றுக்கு 1 கிலோபைட் என்று தாராளமாக வைத்தாலும், வருடத்துக்கு 300 வேலை நாளில் 12 ஜிபி, 8 வருடத்துக்கு 96 ஜிபி. மாதவாரியாகப் பிரித்து வைத்தால் பழையதைத் தனியே எடுத்து வைப்பதும் எளிது.

பார்த்துவிட்டு விட்டவை

தரவுத்தளம் தன் மாற்றங்களைத் தானே எழுதிவைக்கும் உள்பதிவைப் படித்து, டெபீசியம் என்ற கருவி மூலம் காஃப்கா என்ற செய்தி வரிசைக்கு அனுப்பி, அங்கிருந்து தணிக்கைக் கிடங்குக்கு எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. மூலத் தரவுத்தளத்துக்கு இதனால் சுமை குறைவு, எதுவும் தப்பாது, பெரிய கம்பெனிகளுக்கு நல்ல வழி. எங்களுக்கோ சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். முந்தைய மதிப்புகள் முழுவதும் வேண்டுமென்றால் ஒவ்வொரு டேபிளுக்கும் தனி அமைப்பு செய்ய வேண்டும். படிக்கும் பக்கம் நின்றுபோனால், அது படிக்கும்வரை போஸ்ட்கிரஸ் பழைய உள்பதிவை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போய் வட்டை நிரப்பிவிடும். 13-ஆம் பதிப்பு முதல் அதற்கு உச்சவரம்பு வைக்கலாம், ஆனால் வரம்பைத் தாண்டினால் பதிவில் ஓட்டை விழும். ஆடி மாதத்தில் ஊருக்குப் போயிருக்கும்போது இதைக் கவனிக்க என்னிடம் ஆள் கிடையாது. தவிர, 'யார்' என்ற கேள்விக்கு இதற்கும் பதில் தெரியாது.

'டெம்போரல் டேபிள்', அதாவது ஒவ்வொரு வரியின் பழைய நிலைகளையும் காலத்தோடு தானே வைத்துக்கொள்ளும் டேபிள், தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லின் 2011 தரத்தில் வந்தது. எஸ்கியூஎல் சர்வர் 2016, மரியாடிபி 10.3 ஆகியவற்றில் உள்ளமைந்தே இருக்கிறது. 'மார்ச் 3 மாலை இந்த பில் எப்படி இருந்தது' என்று நேராகக் கேட்கலாம், அழகான வசதி. போஸ்ட்கிரஸில் அது உள்ளமைந்ததாக இல்லை. இதுவும் ஆளைச் சொல்லாது. பிஜிஆடிட் என்ற நீட்சி ஓடிய கட்டளைகளைச் சர்வர் பதிவில் எழுதும். செர்ட்-இன் கேட்கும் வகைக்குப் பொருந்தும். முதலாளிக்கு அதைத் திறந்து காட்ட முடியாது.

மாற்றவே முடியாத பேரேட்டுத் தரவுத்தளம் என்று அமேசான் கியூஎல்டிபி என ஒன்றை 2019-இல் வெளியிட்டது. ஒவ்வொரு பதிவையும் முந்தையதோடு பிணைக்கும் ஹாஷ் சங்கிலி, நிரூபணம் எல்லாம் அதில் இருந்தன. ஆசையாகப் படித்தேன். 2025 ஜூலை 31-உடன் அதன் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். 8 வருடம் வைக்க வேண்டிய பதிவை 6 வருடம் வாழ்ந்த சேவையில் வைத்திருந்தால் இப்போது இடம்பெயர்த்துக்கொண்டிருப்பேன். மாதம் ஒருமுறை தணிக்கை டேபிளை ஏற்றுமதி செய்து, அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3-இன் ஆப்ஜெக்ட் லாக் வசதியில், குறிப்பிட்ட காலம்வரை கணக்கின் தலைமைப் பயனராலும் அழிக்க முடியாத இணக்க முறையில் போட்டு வைக்கிறேன். எனக்கு அது போதும். காலத்தைத் தவறாக 80 வருடம் என்று கொடுத்துவிட்டால் 80 வருடமும் வாடகை கட்ட வேண்டியதுதான் என்பதால், அந்த எண்ணை மட்டும் இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே போட்டேன்.

சிட்டையும் பேரேடும்

கணக்குப்பிள்ளை சொன்ன அடித்த கோடு என் மண்டையிலேயே இருந்தது. பழைய முறையில் நாளின் வரவு செலவு முதலில் சிட்டையில் விழும், அங்கிருந்து பேரேட்டுக்குப் போகும். சிட்டையில் எழுதியதை அழிப்பதில்லை. தவறென்றால் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, கீழே திருத்திய பதிவு எழுதுவார்கள். பேரேடு தொலைந்தாலும் சிட்டையைக் கொண்டு மறுபடி எழுதிவிடலாம். மென்பொருளில் நிகழ்வுகளை மட்டும் சேமித்து, நடப்பு நிலையை அவற்றிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும் முறை இதேதான். அங்கே தணிக்கைப் பதிவு என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. தரவே தணிக்கைப் பதிவு.

முழுச் செயலியையும் அப்படி மாற்ற ஒரு வருடம் ஆகும், யாரும் பணம் தரமாட்டார்கள். ஆனால் துணி எடைக்கு மட்டும் மாற்றினோம். பார்ட்டியிடமிருந்து சாயமேறாத கிரே துணி டெலிவரி சலானில் வருகிறது, லாட் கார்டு போடுகிறோம், சாயமேறி, துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் முடிந்து, வேலையில் குறையும் எடையான பிராசஸ் லாஸ் கழித்து, இன்னொரு சலானில் வெளியே போகிறது. ஒவ்வொன்றும் ஒரு நகர்வு. தவறென்றால் எதிர்ப்பதிவு போட்டு மறுபடி போடுகிறோம். எடையைத் திருத்தும் பொத்தானே இல்லை. பட்டறையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சலான் புத்தகத்தில் அப்படித்தான் எப்போதும் செய்கிறார்கள்.

விலைப் பட்டியலுக்கும் இதே அறிவு வேண்டும். நாமக்கல் முட்டை விலை நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. முட்டை வியாபாரச் செயலி ஒன்று நேற்றைய விலையின் மேல் இன்றைய விலையை எழுதிவிட்டு, 'பழைய விலை தணிக்கைப் பதிவில் இருக்கிறது' என்று சொன்னால் அது தவறான வடிவமைப்பு. எந்தத் தேதியிலிருந்து என்ன விலை என்பது தொழிலுக்கே வேண்டிய தரவு. அதற்கு டேபிளில் தனி வரி வேண்டும். சாய விலைக்கு நான் அப்படிச் செய்திருந்தால், 37 பில்களைத் தொட வேண்டிய நிரலே பிறந்திருக்காது.

எடுத்த முடிவு

பணத்தைத் தொடும் 11 டேபிள்களுக்கு டிரிக்கர். செயலி ஒவ்வொரு செயலுக்கும் தனியாக ஒரு வரி எழுதுகிறது: யார், எந்தத் திரை, என்ன காரணம். இரண்டையும் பரிவர்த்தனை எண் இணைக்கிறது. டிரிக்கர் எழுதிய வரிக்குச் செயலி வரி ஜோடி இல்லையென்றால், அது பின்வாசல் வழியாக வந்தது. திரையில் சிவப்பில் 'நேரடி' என்று தெரியும். தரவுத்தளத்தில் எங்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் கொடுத்தோம். நேரத்தை எப்போதும் இந்திய நேரத்தில்தான் காட்டுகிறோம்.

நுட்பத்தை விட அதிக நாள் எடுத்தது உள்நுழைவு. 'ஆபீஸ்' என்ற ஒரே பயனரை நான்கு பேர் பயன்படுத்தினார்கள். கடவுச்சொல் தினசரிக் காலண்டரின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. அதைத் தொடரவிட்டால் டிரிக்கர், காஃப்கா, ஆப்ஜெக்ட் லாக் எதைப் போட்டாலும் எட்டு வருடத்துக்கு 'ஆபீஸ், ஆபீஸ்' என்றுதான் சேர்ந்திருக்கும். ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தோம். இரண்டே நாளில் ஒருவர் பெயரிலேயே எல்லோரும் வேலை செய்தார்கள். எடை மேடையில் நிற்கும் சூப்பர்வைசர் ஈரக் கையோடு பன்னிரண்டு எழுத்தா அடித்துக்கொண்டிருப்பார்? கடைசியில், பொதுக் கணினி திறந்தே இருக்கட்டும், சேமிக்கும்போது மட்டும் தனக்கான 4 இலக்க எண்ணைத் தட்ட வேண்டும் என்று வைத்தோம். அது நின்றது. பாதுகாப்பு நிபுணர் முகம் சுளிப்பார். இணையத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வழி இல்லை, பட்டறைக்குள் இருக்கும் கணினிகளுக்கு மட்டும்தான்.

காரணம் எழுதும் கட்டத்தைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது ஐந்து தேர்வுகள்: பார்ட்டி கேட்டது, எடை மாறியது, விலை பேசியது, கை தவறு, மற்றவை. சம்பள டேபிளின் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் போன்ற புலங்களை டிரிக்கரிலேயே மறைத்துவிட்டோம். 'மாறியது' என்று மட்டும் விழும். இல்லையென்றால், உள்ளே பூட்டி வைத்ததையெல்லாம் தணிக்கைத் திரை வெளியே காட்டிவிடும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்ட பிறகு அந்த அஜாக்கிரதைக்கு மன்னிப்பில்லை.

எல்லாம் முடிந்து காட்டிய அன்று கணக்குப்பிள்ளை முதலில் கேட்டது, "முதலாளி திருத்தினாலும் விழுமா தம்பி?" விழும்ங்க என்றேன். முதலாளி சிரித்தார். வெளியே வரும்போது என்னைத் தனியாக அழைத்து, "எனக்கு மட்டும் அது விழாமல் வைக்க முடியுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். பிரைவேட் லிமிடெட் ஆக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அணைக்க முடிந்தால் தணிக்கையாளர் எழுதிவிடுவார்ங்க என்று விதியைக் காட்டினேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. அமைப்புப் பக்கத்தில் அந்தப் பொத்தான் இன்றுவரை இல்லை.

ஒரு வாரம் கழித்துப் போனேன். கணக்குப்பிள்ளை தணிக்கைத் திரையை அச்செடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பில் 'நேரடி' என்று விழுந்தவை 23. இருபத்துமூன்றும் என் பெயரில்.

"இதில் ஒன்றுக்கும் காரணம் எழுதவில்லைங்களே தம்பி" என்று தாளை என் பக்கம் திருப்பினார். பென்சிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.